ஓராண்டாகத் தொடாத கிரெடிட் கார்டு: மூடலாமா, வைக்கலாமா?

கேள்வி: என்னிடம் இரண்டு கார்டு. 1.5 லட்சம் லிமிட் உள்ள ஒன்று சும்மா கிடக்கிறது. மற்றதன் லிமிட்டும் 1.5 லட்சம்தான், மாதச் செலவு 60,000. மூடினால் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) குறையுமா?

பதில் 1: குறைய வாய்ப்பு உண்டு. இப்போது மொத்த லிமிட் 3 லட்சத்தில் 20% பயன்படுத்துகிறீர்கள். மூடினால் அதே செலவு 40% ஆகிவிடும். 30%-க்குள் இருப்பது நல்லது. ஆண்டுக் கட்டணம் இல்லையென்றால் வைத்துக்கொண்டு, எப்போதாவது ஒரு மொபைல் ரீசார்ஜ் போடுங்கள். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாவிட்டால் வங்கி தகவல் அனுப்பும். 30 நாளில் பதில் இல்லையென்றால் மூடிவிடும்.

பதில் 2: கட்டணம் இருந்தால் மூடுங்கள், தயங்காதீர்கள். முதலில் ஆட்டோ டெபிட்டை மாற்றி, ரிவார்டு பாயின்ட்டைப் பயன்படுத்தி, பாக்கியைப் பைசா சுத்தமாகக் கட்டுங்கள். 199 ரூபாய் சந்தா ஒன்று விட்டுப்போனால்கூட தாமதமாகக் கட்டியதாகப் பதிவாகும். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். பாக்கி இல்லாதபோது 7 வேலை நாளில் மூடாவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.

பதில் 3: மூடி இரண்டு மாதம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் விவரங்களைப் பதிந்துவைக்கும் நிறுவனங்கள் நான்கிலும் ஆண்டுக்கு ஒன்று இலவசம். ‘க்ளோஸ்டு’ என்றிருக்க வேண்டும். ‘செட்டில்டு’ என்றிருந்தால் பாக்கியைக் குறைத்துக் கட்டியதாக அர்த்தம். முழுதாகக் கட்டியிருந்தும் அப்படி வந்தால், உடனே டிஸ்ப்யூட் (திருத்தக் கோரும் புகார்) போடுங்கள்.