பிக்கப் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தலாமா?

தோப்புக்காரன், சோழவந்தான்:
அனைவருக்கும் வணக்கம். முன்புறம் இரட்டை விஷ்போனும் (சக்கரத்தைத் தாங்கும் மேல், கீழ் ஆர்ம்கள்) காயில் ஸ்பிரிங்கும், பின்புறம் பட்டை ஸ்பிரிங்குகளும் கொண்ட ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். பெரியாறு வாய்க்கால் கரையிலிருந்து தென்னந்தோப்புக்குள் இறங்கும் பாதையை மழை அரித்துவிட்டதால், இறங்கும்போதெல்லாம் முன் பம்பரின் அடி மண்ணில் உரசுகிறது. பின்பக்கத்தைவிட முன்பக்கம் தாழ்ந்து நிற்பதும் கண்ணை உறுத்துகிறது. ஸ்பிரிங்குக்கு மேலே 2 அங்குல ஸ்பேசர் (உயர்த்தும் கட்டை) வைத்தால் வண்டி மட்டமாகிவிடும் என்கிறார் ஒரு பட்டறைக்காரர். வெட்டு நாட்களில் முக்கால் டன் வரை தேங்காய் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வருவேன். இந்த வேலையைச் செய்யலாமா?

சஸ்பென்ஷன் பட்டறை, திருமங்கலம்:
ஐயா, அந்தத் தாழ்வு லோடுக்காகவே வைக்கப்பட்டது. பாரம் ஏறியதும் பின்பட்டைகள் அமுங்கி, வண்டி ஏறக்குறைய மட்டத்துக்கு வந்துவிடும். வெறும் வண்டியை மட்டமாக்கி வைத்தால், தேங்காய் ஏற்றும் நாளில் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் லேசாகும், ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். விளக்கைத் தாழ்த்தும் திருகு இருந்தாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

என்னைக் கவலைப்படுத்துவது அந்த 2 அங்குலக் கணக்குதான். இந்த அமைப்பில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கீழ் ஆர்மின் நடுவாக்கில் அமர்ந்திருக்க, சக்கரம் அதன் நுனியில் இருப்பதால், மேலே 1 அங்குலம் வைத்தாலே சக்கரத்தருகே சுமார் 2 அங்குலம் உயரும். 2 அங்குலக் கட்டையையே வைத்தால் உயர்வு நாலை நெருங்கும். அந்த உயரத்தில் முன்சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் கூர்மையான கோணத்தில் சுற்றி, அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டைக் கிழிக்கும். மேல் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட்டும் தன் எல்லையில் போய் முட்டும். ஆகவே அவர் சொன்னது கட்டையின் தடிமனா, வண்டி உயரும் அளவா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மேலும், ஸ்பேசர் சஸ்பென்ஷனில் சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரத்தைக் கூட்டுவதில்லை. சக்கரம் கீழே இறங்க மிச்சமிருந்த இடத்தைத்தான் அது பிடித்துக்கொள்கிறது. பள்ளத்தில் விழும்போது 'டொக்' என்று கேட்பது அதனால்தான். காஸ்டர் கோணமும் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைவதால், நான்குவழிச் சாலையில் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் தன்மை தளர்ந்துவிடும். எவ்வளவு உயர்த்தினாலும் வீல் அலைன்மென்ட்டைத் தவிர்க்க முடியாது.

மலையடிவாரம், சாப்டூர்:
நான் உயர்த்தியிருக்கிறேன், எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. ஆனால் ஸ்பேசர் வைக்காமல், ஸ்பிரிங், ஷாக், மேல் ஆர்ம் ஆகிய மூன்றையும் பொருத்தமாக மாற்றினேன். அதற்கான செலவு சாதாரணமானதல்ல. தவிர, என் வண்டியில் லோடு ஏறுவதே இல்லை. உங்கள் வண்டியில் பாரத்தோடு போகும்போது எந்த இடம் தட்டுகிறது என்று குனிந்து பாருங்கள் அண்ணே. பின் டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரக் கூடு) என்றால், முன்பக்கத்தை எவ்வளவு தூக்கினாலும் அது தரையிலிருந்து துளியும் எழாது. அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றுதான் வழி.

கே.கே.நகர் வாசகர், மதுரை:
சட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கப்போகும் கேள்விகள் வேறு. சாப்டூர் நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

தோப்புக்காரன், சோழவந்தான்:
இன்று குனிந்து பார்த்தேன். வெறும் வண்டி இறங்கும்போது பம்பருக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் விளிம்பு மட்டுமே உரசுகிறது. லோடோடு கரையேறும்போது தட்டுவது பின் பம்பர்தான். முன்பக்கத்தை உயர்த்தினால் அது இன்னும் தாழும் போலிருக்கிறது. ஸ்பேசரை விட்டுவிட்டு, அரித்த இடத்தில் இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டிச் சரிவைத் தணிக்கலாம் என்றிருக்கிறேன்.

சஸ்பென்ஷன் பட்டறை, திருமங்கலம்:
அதுவே நல்லது, ஐயா. கூடவே, சமதளத்தில் வெறும் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். முன்னிரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங் ஜோடியாகப் போட்டால் இழந்த உயரம் திரும்பிவிடும்.