‘மருந்துக் கடத்தி’ வேண்டாம்: உள்ளேற்றி, பலவேற்பு

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ராயபுரத்து ஆய்வு மாணவி தமது ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்துக்காகக் கேட்ட இரண்டு சொற்களில் முதலாவதை விரைவாக முடித்துவிடலாம். கல்லீரல் செல்லின் சவ்வில் இருந்துகொண்டு இரத்தத்திலுள்ள மருந்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதத்தை (ஆங்கிலத்தில் டிரான்ஸ்போர்ட்டர்) ‘கடத்தி’ என்கிறார்கள். ‘கல்லீரலின் மருந்துக் கடத்திகள்’ என்று அட்டையில் அச்சிட்டால், துறைமுகத்தை ஒட்டி வாழும் எங்கள் பக்கத்தார் சுங்கத்துறைச் செய்தி என்றே எடுத்துக்கொள்வார்கள். போதாக்குறைக்கு, மின்சாரப் பாடம் அந்தச் சொல்லை முன்பே பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாண நண்பர் தந்த ‘காவி’ எனக்குப் பிடித்திருந்தது. காவுதல் என்றால் சுமந்து செல்லுதல். ஆனால் இங்கே அதைக் கேட்டால் துணியின் நிறம்தான் நினைவுக்கு வரும். ஆகவே ‘ஏற்றி’. செல்லுக்குள் கொண்டுவருவது உள்ளேற்றி, பித்தத்துக்குள் தள்ளிவிடுவது வெளியேற்றி.

சிக்கல் இரண்டாவதில். ஒரே உள்ளேற்றி ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத மருந்துகளை எப்படி இனம் காண்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. அந்தப் பண்புக்கு ஒரு பெயர் வேண்டும். ‘கண்டதேற்பு’ என்று ஒருவர் எழுதினார். ஆங்கிலக் கட்டுரைகளில் புழங்கும் ‘ப்ராமிஸ்க்யுட்டி’ என்ற சொல்லைப் பின்பற்றிப் ‘பரத்தைமை’ என்றார் இன்னொருவர். புரதத்தின் ஒழுக்கத்தை விசாரிக்க நாம் யார்?

மாணவி இணைத்திருக்கும் படத்தைத் திறந்து பாருங்கள். ஓ.ஏ.டி.பி. 1பி1 என்ற உள்ளேற்றி ஏற்றுக்கொள்ளும் மூன்று மருந்துகளை ஒரே அளவுகோலில் வரைந்திருக்கிறார். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வளைந்த பிடி போட்ட பெரிய மூலக்கூறு, மூலக்கூறு எடை 823. கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டேட்டின் 481, புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் மெத்தோட்ரெக்ஸேட் 454. உருவத்தில் ஒன்றுக்கொன்று உறவே இல்லை. ஆனாலும் இந்தப் புரதம் வந்ததையெல்லாம் வாரிப்போட்டுக்கொள்வதில்லை. பெரும்பாலும் எதிர்மின் தன்மையும், நீரோடு ஒட்டாத பருத்த உடலும் உள்ளவற்றையே அது ஏற்கிறது. எடை 129 மட்டுமே உள்ள, நேர்மின் தன்மையுடைய நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினை அது சீண்டுவதில்லை, அதற்கு ஓ.சி.டி. 1 என்ற வேறோர் உள்ளேற்றி இருக்கிறது. ஆகவே ‘கண்டதேற்பு’ பொருளிலேயே தவறு.

ஒரு பூட்டுக்கு ஒரே சாவி என்று பள்ளியில் படித்த உவமை இங்கே உதவாது. 2023இல் வெளியான உறைநிலை எலக்ட்ரான் நுண்நோக்கிப் படங்களில், சவ்வை 12 முறை ஊடுருவும் இந்தப் புரதத்தின் நடுவே அகன்ற பொந்து ஒன்று தெரிகிறது. வெவ்வேறு மூலக்கூறுகள் அதில் வெவ்வேறு மூலையைப் பற்றிக்கொள்கின்றன. அவற்றின் இடங்கள் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அதனால்தான் ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றொன்று தடைபடுகிறது. ரிஃபாம்பிசினை ஒரே ஒரு வேளை விழுங்கியவுடன் சில ஸ்டேட்டின்கள் (ரோசுவாஸ்டேட்டின் போன்ற கொழுப்பு மருந்துகள்) கல்லீரலுக்குள் போக முடியாமல் இரத்தத்திலேயே அதிகமாகத் தங்கிவிடுவது இந்தத் தடையால்தான். காசநோய் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் ஒரே மருந்துச் சீட்டில் வரும் வீடுகள் வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் உண்டு. இது ஆய்வுக்கூடத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

பலவற்றை ஏற்கும், ஆனால் தேர்ந்து ஏற்கும் என்ற பொருள் சொல்லில் வர வேண்டும். ‘பல்லேற்பு’ என்று சுருக்கினால் பல் மருத்துவரிடம் போய் நிற்கும். என் பரிந்துரை ‘பலவேற்பு’. ஏற்பு என்ற சொல்லிலேயே இசைவும் தெரிவும் இருக்கின்றன. கவிதையையும் வரனையும் ஏற்பதும் மறுப்பதும் அந்தச் சொல்லால்தானே? ஏற்றியும் ஏற்பும் ஒரே வேரா என்று இலக்கண நண்பர்கள் வரிந்துகட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: இல்லை, முன்னது ‘ஏற்று’, பின்னது ‘ஏல்’. ஒலி ஒத்திருப்பது நினைவில் வைக்க உதவும், அவ்வளவே.

ஏற்றப்படும் மருந்துக்கு ‘வினைபொருள்’ என்று எழுதாதீர்கள். அங்கே வேதிவினை எதுவும் நடப்பதில்லை. ‘ஏறுபொருள்’ போதும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “இந்த உள்ளேற்றியின் பலவேற்புக்குக் காரணம் அதன் அகன்ற பொந்து; ஏறுபொருள்கள் அங்கே இடத்துக்காகப் போட்டியிடுகின்றன.” வாய்க்கு இடறவில்லை. சுருக்கம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள், அதையும் இப்படி ஒரு வாக்கியத்தில் வைத்து, ஞாயிறு இரவுக்குள் அனுப்புங்கள்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து