பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் கரப்பான், எலி: மருந்து அடிக்காமல் வழி உண்டா?

வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். போன வாரம் சமையலறையில் பருப்பு மூட்டையை நகர்த்தினால் அடியில் எலிப்புழுக்கை, சாக்கின் ஓரம் கடித்துக் குதறிக் கிடக்கிறது, கேஸ் அடுப்புக்குப் பின்னால் சுவர் வெடிப்பில் கரப்பான் கூட்டம். சனிக்கிழமை ஆள் வைத்து மருந்து அடித்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. திங்கள் விடிந்தால் அதே மேடையில்தான் காலை உணவு தயாராகும். 2013இல் பீகாரில் பள்ளி மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்து 23 பிள்ளைகள் செத்துப்போனது ஞாபகம் இருக்கும்தானே. அதோடு, அடித்தாலும் கரப்பானின் முட்டைக்கூடு பெரும்பாலும் தப்பிவிடும், சில வாரத்தில் பழைய கதைதான்.

இப்போதைக்கு மூட்டைகளைச் சுவரை விட்டுத் தள்ளிப் பலகைமேல் ஏற்றியாச்சு, ராத்திரி எச்சில் வாளி உள்ளே தங்குவதில்லை. ஒழுகும் குழாய்தான் பாக்கி, கரப்பானுக்குத் தண்ணீர் கிடைப்பதே அங்கேதான் (பிளம்பர் மூன்று நாளாக ‘நாளைக்கு வரேன்’ என்கிறார்).

வேலூர், காட்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் பள்ளியில் கரப்பானுக்கு ஜெல் (தெளிக்காமல் இடுக்கில் பொட்டுப் பொட்டாக வைக்கும் மருந்துப் பசை) வைக்கிற ஆள் யாராவது தெரியுமா? எவ்வளவு வாங்குகிறார்கள்? அப்புறம், கதவடி இடுக்கை அடைக்கத் தகடா, கம்பிவலையா, எது எலிக்குத் தாங்கும்? விஷ உருண்டை மட்டும் சொல்லாதீர்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நடமாடுகிற இடம். வெள்ளிக்குள் பதில் வந்தால் சனிக்கிழமை வேலையை நிறுத்திவிடுவேன்.