ஒரே ஒரு பொதுப்பாட அரியர், பட்டம் நிற்கிறது: யாரிடம் மனு கொடுப்பது?

என் தங்கை திருநெல்வேலி பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தாள், 2018-21 பேட்ச். தமிழ், ஆங்கிலம், மேஜர் எல்லாம் தேறிவிட்டாள். பகுதி 4-இல் சுற்றுச்சூழல் கல்வி மட்டும் அரியர். அதனால் பட்டச் சான்றிதழ் இல்லை, பி.எட். சேர முடியவில்லை.

பாடத்திட்டம் மாறிவிட்டதாம், பழைய தாளுக்குத் தேர்வு கிடையாதாம். ஆன்லைன் விண்ணப்பத்தில் அந்தப் பாடக் குறியீடே வருவதில்லை. தேர்வுப் பிரிவில் எழுதிக் கொடுத்தோம். 'இணையான தாள் எது என்று துறை சொல்லட்டும்' என்றார்கள். துறைத் தலைவரோ 'அது தேர்வுப் பிரிவு வேலை' என்கிறார்.

1991 உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து வந்த பாடம் இது. கணிதம் படிப்பவருக்கும் கட்டாயம் வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கட்டாயம் என்றால் எழுத வழியும் இருக்க வேண்டுமே!

இணையான தாள் கேட்டுப் பல்கலைக்கழகத்தில் யாருக்கு மனு கொடுக்க வேண்டும்?