ஸ்கீன் = பறப்புநிரை? (கலைச்சொல் பரிந்துரை)

> இளவேனிலில் தலைக்கு மேலே வடக்கு நோக்கிப் போகும் காட்டு வாத்து வரிசையை ஆங்கிலத்தில் ஸ்கீன் என்கிறார்கள். "வலசைநிரை" பொருந்துமா?

வணக்கம் ஐயா.

'நிரை' நல்ல தேர்வு. ஆநிரை நமக்குப் பழகிய சொல். கூட்டம், ஒழுங்கு இரண்டும் அதில் உண்டு. 'வலசை'தான் இடிக்கிறது. ஸ்கீன் என்பது பறக்கும் கூட்டத்தின் பெயர், அவ்வளவுதான். இரவு தங்கும் நீர்நிலையிலிருந்து காலையில் மேய்ச்சலுக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் வாத்துகள் இதே வரிசையில்தான் பறக்கும். இளவேனில் பறவைக் கணக்கெடுப்பில் பிழை நுழையும் இடமும் இதுவே: தாழப் பறக்கும் மேய்ச்சல் கூட்டத்தை வலசையாகக் குறித்துவிட்டு, மாலையில் அதையே மறுபடி எண்ணிவிடுவார்கள். உயரமாகப் போகிறதா, திசை மாறாமல் போகிறதா, இறங்க இடம் தேடுகிறதா என்று பார்த்த பிறகே வலசை என்று எழுத வேண்டும். பெயரிலேயே வலசையை ஒட்டிவிட்டால் பார்க்கும் முன்பே முடிவு எழுதியதாகிவிடும்.

'வான்நிரை' உடனே தோன்றும். புணர்த்தினால் 'வானிரை', வான் இரை என்றுதான் படிப்பார்கள். 'நிரைபறை' பழைய ஆட்சி (அதில் பறை என்றால் பறத்தல்), எனக்கு மிகப் பிடித்ததும்கூட. ஆனால் இன்று பறை என்றால் கொட்டும் பறைதான் நினைவுக்கு வரும். ஆகவே 'பறப்புநிரை' என்பது என் பரிந்துரை.

'வி வடிவம்' என்பதையும் கைவிடலாம். இரு கையும் சமமாக இருப்பது அரிது. ஒன்று நீண்டும் மற்றது குறுகியும் இருக்கும், சில வேளை ஒரு கையே இருக்கும். இரு கை உள்ளது கவைநிரை, ஒரு கை மட்டும் உள்ளது சாய்நிரை. சாய்வுக்குக் காரணம் காற்று. சிறகு நுனிக்கு வெளிப்புறம் காற்று மேலெழும், பறவைக்கு நேர் பின்னே கீழிறங்கும். இவற்றை மேல்வீச்சு, கீழ்வீச்சு எனலாம். பின்வரும் பறவை பக்கவாட்டில் விலகிப் பறந்தால்தான் மேல்வீச்சு கிடைக்கும். 2014இல் வெளியான வழுக்கைத்தலை ஐபிஸ் (அரிவாள்மூக்கன் இனப் பறவை) ஆய்வில், அவை இடத்தை மட்டுமல்ல, சிறகடிக்கும் நேரத்தையும் அதற்கேற்பப் பொருத்திக்கொள்வது தெரிந்தது.

~~~

> பறப்புநிரை

ஏற்கிறேன். வரையறையில் வாத்தை மட்டும் சொல்ல வேண்டாம். பெருங்கொக்கும் நீர்க்காகமும் இப்படிப் பறக்கும். பெருங்கொக்கின் கால்கள் வாலைத் தாண்டிப் பின்னே நீட்டிக்கொண்டிருக்கும், வாத்துக்கு அப்படி இராது. நீர்க்காகம் பெரும்பாலும் ஓசையின்றிப் போகும், நடுநடுவே சிறகடிக்காமல் மிதக்கும். வாத்து விடாமல் சிறகடித்து, கூவிக்கொண்டே போகும். பல நேரம் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் எட்டும்.

கவைநிரைக்கு 'முனைப்பறவை', 'நெடுங்கை', 'குறுங்கை' என்ற உறுப்புப் பெயர்களும் வேண்டும். எண்ணும்போது இவை உடனே பயன்படும்: கைகளைத் தனித்தனியே எண்ணி, முனைப்பறவையை ஒரு கையில் மட்டும் சேர்க்க வேண்டும். இரண்டிலும் சேர்த்தால் நிரைக்கு ஒன்று கூடிவிடும். முனைப்பறவை அடிக்கடி மாறும், நிரைகள் ஒட்டும், பிரியும். அதனால் ஒரு கம்பத்தையோ மரத்தையோ எல்லையாக வைத்து, அதைக் கடப்பவற்றை மட்டும் எண்ணுவது பாதுகாப்பு. பெருங்கூட்டமானால் பத்தை எண்ணி, அந்த நீளத்தை அளவுகோலாக்கி மீதியை அளக்கலாம். இடைவெளி எங்கும் ஒன்றுபோல் இராது என்பதால் படமெடுத்துச் சரிபார்ப்பது நல்லது.

தரையிலிருக்கும் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் காகிள். அதில் வரிசை இல்லை, 'நிரை'யை அங்கே இழுக்க வேண்டாம். 'மேய்திரள்' போதுமா?