கிளட்ச் பேக் இடைவெளி: ஃபீலர் கேஜ் ஓர் அளவும் டயல் கேஜ் வேறோர் அளவும் காட்டுவது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மேனுவல் கியர்பாக்ஸ் வேலையில் பல ஆண்டுகள் பழகிய நான், இப்போதுதான் முதன்முறையாக ஓர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை முழுவதும் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது எஞ்சினின் சுற்று மட்டும் ஏறி, வண்டி இழுக்காமல் தயங்கி, பிறகு ஓர் உதறலுடன் கியர் விழுந்துகொண்டிருந்தது. ஆயில் கறுத்துப்போய்க் கருகல் வாடை அடித்தது. பிரித்துப் பார்த்தபோது மூன்றாவது கியருக்காகப் பிடிக்கும் டைரக்ட் கிளட்சின் ஐந்து ஃப்ரிக்ஷன் பிளேட்டுகளிலும் (உராய்ந்து பிடிக்கும் தகடுகள்) லைனிங் என்னும் உராய்வுப் பூச்சு கருகி, நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. ஸ்டீல் பிளேட்டுகளில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தன. மற்ற கிளட்சுகள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன.

புதிய பிளேட்டுகளை ஏ.டி.எஃப். என்னும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலில் ஊறவைத்து, அவற்றை அழுத்தும் பிஸ்டனின் சீல்களை மாற்றி, பேக்கை (ஃப்ரிக்ஷன் பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி வரும் அடுக்கு) ட்ரம் என்னும் உருளைக்கூட்டுக்குள் அடுக்கி, அடுக்கு வெளியே வராமல் தடுக்கும் சர்க்கிளிப் வளையத்தையும் போட்டுவிட்டேன். குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சர்க்கிளிப்புக்கும் அதன் கீழே இருக்கும் ப்ரெஷர் பிளேட்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜை (தடிப்பு குறிக்கப்பட்ட மெல்லிய அளவுத் தகடு) செருகினால் 1.25 மி.மீ. வருகிறது. அதே ட்ரம்மின் பக்கவாட்டுத் துளை வழியாக, நகரும் தூரத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையைப் பிஸ்டன் மேல் பட வைத்து, ஆயில் துளையில் காற்றழுத்தம் கொடுத்தால், பிஸ்டன் 1.85 மி.மீ. நகர்கிறது. பல முறை செய்து பார்த்தும் அதே அளவுகள்தான் வருகின்றன.

என்னிடம் உள்ள சர்வீஸ் மேனுவலில் (பழுதுபார்ப்புக் கையேட்டில்) இந்தப் பேக்குக்குரிய பக்கம் கிழிந்துவிட்டது. ஒரு ஃப்ரிக்ஷன் பிளேட்டுக்கு 0.25 மி.மீ. இடைவெளி என்ற பொதுக்கணக்கு மட்டும் தெரியும். ஐந்து பிளேட்டுக்கு அது 1.25 ஆகிறது. அப்படியானால் ஃபீலர் கேஜ் சொல்வது சரியா? அல்லது டயல் கேஜை நம்பி, ஸ்டீல் பிளேட்டுகளில் ஒன்றிரண்டைத் தடித்ததாக மாற்றி, 0.60 மி.மீ.யைக் குறைத்துவிட வேண்டுமா?

முதல் மறுமொழி

வணக்கம் நண்பரே. தயவுசெய்து எதையும் மாற்றிவிடாதீர்கள். உங்கள் இரண்டு கருவிகளும் சரியாகத்தான் அளக்கின்றன என்று நினைக்கிறேன். அவை அளக்கும் பொருள்தான் வேறு வேறு.

பிஸ்டனுக்கும் முதல் ஸ்டீல் பிளேட்டுக்கும் நடுவில், மேசைமேல் வைத்தால் தட்டையாகப் படியாமல் லேசாக அலை அலையாக நிற்கும் ஒரு பிளேட்டை நீங்கள் போட்டிருப்பீர்கள். அதுதான் வேவ் பிளேட். கிளட்ச் பிடிக்கும்போது உதறல் இல்லாமல் படிப்படியாக அழுத்தம் ஏறுவதற்காக வைக்கப்பட்ட வில் அது. ஃபீலர் கேஜைச் செருகும்போது அந்த வில் தளர்ந்த நிலையில் இருக்கிறது. ஆகவே பேக் சும்மா சுழலும்போது பிளேட்டுகளுக்கு நடுவே உண்மையில் எவ்வளவு இடம் கிடைக்கிறதோ, அதுதான் உங்களுக்குக் கிடைத்த 1.25. காற்று கொடுக்கும்போதோ, பிஸ்டன் முதலில் அந்த இடைவெளியைக் கடந்து, பிறகு வேவ் பிளேட்டைத் தட்டையாக்கி, சர்க்கிளிப்பை அதன் பள்ளத்தின் மேல்விளிம்புவரை தள்ளி, பிளேட்டுகளுக்கு நடுவிலுள்ள ஆயில் படலத்தையும் பிதுக்கிய பிறகே நிற்கும். 1.85 என்பது இந்த முழுப் பயணத்தின் அளவு.

இந்த இரண்டு அளவுகளும் தேவையானவைதான், ஆனால் இரண்டும் பதில் சொல்லும் கேள்விகள் வேறு. கிளட்ச் விடுபட்டிருக்கும்போது பிளேட்டுகள் உரசுமா என்பதைத் தளர்ந்த இடைவெளிதான் தீர்மானிக்கிறது. ஐந்து ஃப்ரிக்ஷன் பிளேட்டுகளுக்குப் பத்து முகங்கள் உண்டு, 1.25 மி.மீ.யைப் பத்தாகப் பகிர்ந்தால் ஒரு முகத்துக்கு 0.125 மி.மீ. கிடைக்கிறது. இதிலிருந்து 0.60 மி.மீ.யை நீங்கள் குறைத்திருந்தால் ஒரு முகத்துக்கு 0.065 மி.மீ.தான் மிஞ்சியிருக்கும். ஆயில் உள்ளே நுழைந்து சூட்டை எடுத்துக்கொண்டு வெளியேற அது போதாது; கியர் போடாத நிலையிலும் பிளேட்டுகள் இழுபட்டு, புது லைனிங் மறுபடியும் கருகியிருக்கும்.

முழுப் பயணத்தின் அளவு வேறொன்றைத் தீர்மானிக்கிறது. கிளட்ச் பிடிப்பதற்கு முன் எவ்வளவு ஆயில் நிரம்ப வேண்டும் என்பது பிஸ்டனின் பரப்பையும் அது நகரும் தூரத்தையும் பொறுத்தது. பிஸ்டனின் பரப்பு 100 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 1.85 மி.மீ. பயணத்துக்கு 18.5 க.செ.மீ. ஆயில் வேண்டும். பயணம் 3 மி.மீ. ஆகிவிட்டால் அது 30 க.செ.மீ. ஆகும், அத்தனையும் நிரம்பும்வரை கிளட்ச் பிடிக்காது, எஞ்சின் சுற்று ஏறும், பிறகு அடித்துக்கொண்டு கியர் விழும். பயணம் மிகவும் நீண்டுபோனால் பிஸ்டன் சீலின் உதடு தன் இடத்தைத் தாண்டி மடங்கிவிடவும் கூடும். கிரைஸ்லர் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த ஏ604 கியர்பாக்ஸில், ஒவ்வொரு கிளட்சும் நிரம்புவதற்குப் பிடிக்கும் ஆயிலின் கொள்ளளவைக் கணினியே கணக்கிட்டு, அதற்கேற்றபடி கியர் மாற்றத்தைச் சரிசெய்துகொள்ளும். பிளேட் தேயத் தேய அந்த எண் ஏறும். பயணத்தின் தூரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வேவ் பிளேட்டை வெளியே எடுத்து, அதன் உலோகத் தடிப்பை மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பிறகு தட்டையான ஒரு பரப்பின் மேல் அழுத்தாமல் வைத்து, அதன் நின்ற உயரத்தை அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களைக் குழப்பும் 0.60-க்கு அருகில் வரும் என்பது என் கணிப்பு.

மேனுவலின் சரியான பக்கத்தை எப்படியாவது தேடிப் பெறுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சில மேனுவல்கள் பேக்கின் மேல் குறிப்பிட்ட எடையை வைத்து அளக்கச் சொல்கின்றன. சில காற்று கொடுத்து அளக்கச் சொல்கின்றன. சில வேவ் பிளேட் இல்லாமல் அளக்கச் சொல்கின்றன. எந்த முறையில் அளப்பது என்று தெரியாமல் அளவை மட்டும் யாராவது சொன்னால், அந்த எண்ணால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. பிளேட்டுக்கு 0.25 என்ற பொதுக்கணக்கும் ஒரு வழித்துணைதான். மேனுவல் வேறு சொன்னால் மேனுவலைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் மறுமொழி

முந்தைய பதிலோடு முழுவதும் உடன்படுகிறேன். ஃபீலர் கேஜ் பிடிக்கும் முறையைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். ஒரே பக்கத்தில் செருகினால் ப்ரெஷர் பிளேட் மறுபக்கம் சாய்ந்துகொடுத்துப் பொய்யான அளவைக் காட்டும். ஒரே தடிப்புள்ள இரண்டு தகடுகளை நேரெதிரே செருகி, சர்க்கிளிப்பை விரலால் பள்ளத்தின் மேல்விளிம்போடு தள்ளிப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். பிறகு ட்ரம்மைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். இடத்துக்கு இடம் அளவு மாறினால், ஏதோ ஒரு பிளேட்டின் பல்லில் பிசிறு இருக்கலாம், அல்லது சர்க்கிளிப் ஓரிடத்தில் பள்ளத்துக்குள் முழுவதும் உட்காராமல் இருக்கலாம்.

மூன்றாம் மறுமொழி

இடைவெளிக் கணக்கு தெளிவாகிவிட்டது. ஆனால் இந்தக் கிளட்ச் ஏன் கருகியது என்ற கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கட்டினால், எவ்வளவு துல்லியமாக இடைவெளி வைத்தாலும் புது பிளேட்டுகளும் அதே வழியில் போய்விடும். அப்படி இரண்டாம் முறை திரும்பி வந்த கியர்பாக்ஸை நான் பிரித்திருக்கிறேன். அதை மறக்க முடியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மற்ற கிளட்சுகள் நன்றாக இருந்து இது ஒன்று மட்டும் கருகியிருப்பதால், பம்பின் பொது அழுத்தத்தைவிட இந்த ஒரு கிளட்சுக்குச் செல்லும் வழியில் கசிவு இருப்பதையே நான் முதலில் சந்தேகிப்பேன். அந்த வழியில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, கழற்றிய பழைய பிஸ்டன் சீல்களின் உதட்டை வளைத்துப் பாருங்கள். ரப்பர் விறைத்து வெடித்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். இரண்டாவது, ட்ரம்மைத் தாங்கும் சப்போர்ட்டில் உள்ள சீலிங் ரிங்குகளும், அவை உரசும் ட்ரம்மின் உட்சுவரும். அந்தச் சுவரில் நகம் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் புது ரிங் போட்டும் பயனில்லை.

மூன்றாவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். ட்ரம்மிலோ பிஸ்டனிலோ சிறிய எஃகுக் குண்டு ஒன்று ஒரு துளைக்குள் அடைபட்டிருக்கும். கிளட்ச் விடுபட்ட பிறகும் சுழலும் ட்ரம்முக்குள் மிஞ்சிய ஆயில் மையவிலக்கு விசையால் வெளிப்புறம் ஒதுங்கி, பிஸ்டனைத் தள்ளப் பார்க்கும். அந்த ஆயிலை வெளியேற்றுவதற்காகக் குண்டு துளையைத் திறக்கும். கிளட்ச் பிடிக்கும்போது அழுத்தம் அதை மூடவைக்கும். குண்டு மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டால் கிளட்ச் முழுவதும் விடுபடாமல் உரசும். திறந்த நிலையில் ஒட்டிக்கொண்டால் அழுத்தம் கசிந்து பிளேட்டுகள் வழுக்கும். ட்ரம்மை நன்றாகக் கழுவி, காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். குண்டு தாராளமாக அசையும் சத்தம் கேட்க வேண்டும்.

காற்றுச் சோதனையையும் ட்ரம்மைத் தனியாக வைத்துச் செய்யாமல், சப்போர்ட்டின் மேல் பொருத்தி அதன் வழியாகக் காற்று கொடுத்துச் செய்யுங்கள். அப்போதுதான் சீலிங் ரிங்குகளும் சேர்ந்து சோதிக்கப்படும். 40 பி.எஸ்.ஐ. போதும், காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. பிஸ்டன் ஒரே அடியாக எழுந்து அழுத்தம் நிற்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே அனைத்தையும் மறுபடி அளந்தேன். வேவ் பிளேட்டின் உலோகத் தடிப்பு 1.60 மி.மீ., நின்ற உயரம் 2.10 மி.மீ.; வித்தியாசம் 0.50. இரண்டு தகடுகளை எதிரெதிரே செருகி, சர்க்கிளிப்பை மேலே தள்ளிப் பிடித்து அளந்தபோது, நான்கு இடங்களிலும் 1.32 மி.மீ. வந்தது. இரண்டையும் கூட்டினால் 1.82. டயல் கேஜ் காட்டிய 1.85-க்கும் இதற்கும் 0.03 மி.மீ.தான் வேறுபாடு, அது ஆயில் படலமாகவே இருக்க வேண்டும்.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது மூன்றாம் பதில்தான். ட்ரம்மைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. பிஸ்டனைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது, கருகிய லைனிங் தூளும் ஆயில் பிசினும் சேர்ந்த கறுப்புப் பசையில் குண்டு திறந்த நிலையிலேயே சிக்கியிருந்தது. ட்ரம்மை நான் ஒரு முறை கழுவியிருந்தும் அது அசையவில்லை. கரைப்பானில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் மெதுவாகத் தள்ளிவிட்ட பிறகுதான் விடுபட்டது. இப்போது குலுக்கினால் தெளிவாகக் கேட்கிறது. சப்போர்ட்டின் மேல் வைத்துக் காற்று கொடுத்தபோது பிஸ்டன் திடமாக எழுந்து நிற்கிறது.

மூன்றாம் மறுமொழி எழுதியவர்

மகிழ்ச்சி. பிசினால் ஒட்டிய குண்டு முதல் காரணமாகவும் இருக்கலாம், சீல் கசிந்து பிளேட் கருகிய பிறகு அந்தத் தூளால் ஒட்டியதாகவும் இருக்கலாம். எனவே பழைய சீல்களையும் ரிங் உரசும் சுவரையும் பார்க்காமல் மூடிவிடாதீர்கள். அந்தக் கறுப்புத் தூள், கிளட்சுகளுக்கு ஆயிலைப் பிரித்தனுப்பும் வால்வ் பாடியிலும், ஆயில் கூலரிலும், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள டார்க் கன்வெர்ட்டரிலும் கட்டாயம் இருக்கும். வால்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவுங்கள், கூலர் குழாய்களில் தெளிந்த ஆயில் வரும்வரை அலசுங்கள். கன்வெர்ட்டரை வெட்டித் திறக்காமல் உட்புறம் கழுவ முடியாது என்பதால், அதைப் புதுப்பித்ததாகவோ புதிதாகவோ மாற்றிவிடுங்கள். இடைவெளி 1.32-இலேயே இருக்கட்டும்.