சொந்த வீட்டைக் குறுகிய காலத் தங்கலுக்கு விடுவதற்கு முன் எந்தெந்த அனுமதிகள் வேண்டும்?

மாடிவீடு (கேள்வி):

வணக்கம். என்னிடம் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடிப் பகுதி. அதற்குத் தனிப் படிக்கட்டும், குளியலறையும், சிறிய சமையலறையும் உண்டு. மற்றொன்று, வேறொரு பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள ஒரு வீடு. அதன் மீதான வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. இவ்விரண்டையும் நீண்ட கால வாடகைக்கு விடாமல், இணையத் தளங்கள் வழியாக இரண்டு மூன்று நாட்கள் தங்க வருவோருக்கு விடலாமா என்று குடும்பத்தில் பேசி வருகிறோம்.

தளத்தில் கணக்குத் தொடங்குவது எளிது என்று தெரிகிறது. ஆனால் அந்தக் கணக்கு இருந்தாலே சட்டப்படி வீட்டை விட்டுவிடலாமா, அல்லது தனியாக உரிமம் பெற வேண்டுமா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. நாங்கள் கீழே குடியிருக்கும் வீட்டுக்கும், யாரும் குடியிராத அடுக்குமாடி வீட்டுக்கும் விதிகள் வேறுபடுமா? பாதுகாப்புக்கு என்னென்ன ஏற்பாடுகள் கட்டாயம்? இப்போதுள்ள வீட்டுக் காப்பீடு போதுமா? நாடு எதுவாயினும் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வரிசைப்படுத்திச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாவிக்கொத்து (மறுமொழி):

உரிமம் தேவையா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை மற்ற எதற்கும் பணம் செலவழிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். கட்டில், மெத்தை, குளிர்சாதனம் எல்லாம் வாங்கிப் போட்ட பிறகே உள்ளாட்சி அலுவலகத்தின் படியேறுபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். உங்கள் வீடு அமைந்திருக்கும் தெருவின் நிலப் பயன்பாட்டு வகைப்பாடு குறுகிய காலத் தங்கலை அனுமதிக்கவில்லை என்றால், நீங்கள் எவ்வளவு ஒழுங்காக நடத்தினாலும் உரிமம் கிடைக்காது.

தளத்தில் கணக்கு இருப்பது அனுமதி ஆகாது. தளங்களின் ஒப்பந்தத்திலேயே, உள்ளூர்ச் சட்டங்களைப் பின்பற்றுவது வீட்டுக்காரரின் பொறுப்பு என்றுதான் எழுதியிருக்கும். இப்போது பல நகரங்கள் பதிவு எண் இல்லாத விளம்பரத்தை வெளியிடவே கூடாது என்று தளங்களுக்கும் கட்டளையிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை, பதிவு முறை நடப்பிலுள்ள இடங்களில் தளங்கள் அந்த எண்ணைக் காட்டுவதோடு, வீடு வாரியாகத் தங்கல் விவரங்களை அரசுக்கு அனுப்பவும் வேண்டும் என்கிறது. ஆகவே, யாருக்கும் தெரியாமல் நடத்திவிடலாம் என்று எவராவது ஆலோசனை சொன்னால் அதைக் கேட்க வேண்டாம்.

விதிகள் ஊருக்கு ஊர் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் தருகிறேன். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பு வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவே முடியாது. இலண்டனில் திட்ட அனுமதி (கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற உள்ளாட்சி தரும் ஒப்புதல்) பெறாமல் ஓராண்டில் 90 இரவுகள் வரை முழு வீட்டையும் விடலாம். அதற்கு மேல் என்றால் அனுமதி வேண்டும். பாரிஸில் ஒருவர் தாம் முதன்மையாகக் குடியிருக்கும் வீட்டுக்கு இருந்த 120 நாள் வரம்பு 2025 தொடக்கத்திலிருந்து 90 ஆகக் குறைக்கப்பட்டது. ஜப்பானில் 2018 சூனில் நடைமுறைக்கு வந்த தனியார் தங்கல் சட்டம் ஆண்டுக்கு 180 நாட்களை உச்ச வரம்பாக வைத்தது. இவற்றில் எதுவும் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் உள்ளாட்சியிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை இவை காட்டுகின்றன: குறைந்தபட்ச இரவுகள் எத்தனை, ஆண்டு வரம்பு எத்தனை, உரிமையாளர் உடனிருக்க வேண்டுமா, முதன்மை வீடாக இருக்க வேண்டுமா.

உங்கள் மாடிப் பகுதியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நாங்கள் கீழே இருக்கிறோமே, அதனால் இது உரிமையாளர் உடனிருக்கும் வகை என்று நீங்கள் எண்ணக்கூடும். சட்டம் அப்படிப் பார்க்க வேண்டும் என்பதில்லை. தனி வாசலும் தனிச் சமையலறையும் இருந்தால், பல இடங்களில் அது கணக்கில் தனி வீடு. நியூயார்க் நகரில் 2023 செப்டம்பரிலிருந்து அமலாக்கப்படும் சட்டத்தின்படி, 30 நாட்களுக்குக் குறைவாக விருந்தினரைத் தங்க வைக்கும் உரிமையாளர் அதே குடியிருப்பு அலகுக்குள் உடன் தங்கியிருக்க வேண்டும். பணம் கொடுத்துத் தங்குவோர் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. விருந்தினருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே பூட்டிய கதவும் இருக்கக் கூடாது. ஒரே கட்டடத்தில் வேறு மாடியில் குடியிருப்பது அங்கே போதாது. எனவே, கட்டட வரைபட ஒப்புதலில் மாடி எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை எடுத்துப் பாருங்கள். அது ஒப்புதல் இல்லாத கூடுதல் கட்டுமானம் என்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். அலுவலக முகப்பில் வாய்மொழியாகக் கிடைத்த பதில், பின்னாளில் ஓர் அண்டைவீட்டார் புகார் கொடுக்கும்போது உங்களைக் காப்பாற்றாது.

பொதுச்சுவர் (மறுமொழி):

அடுக்குமாடி வீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்கள் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்தில் நீண்ட காலமாகப் பொறுப்பில் இருப்பதால், இந்தச் சிக்கலைச் சுவரின் மறுபக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

உள்ளாட்சி அனுமதி கொடுத்தாலும் சங்கத்தின் விதியோ உங்கள் கிரயப் பத்திரத்தில் உள்ள கட்டுப்பாடோ தடுக்கலாம். 'தனிக் குடியிருப்பாக மட்டுமே பயன்படுத்த வேண்டும்' என்ற ஒரு வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தில் 2016-இல் ஒரு மேல் தீர்ப்பாயம், சில நாட்களே தங்கிச் செல்வோருக்குத் தொடர்ந்து வீட்டை விடுவது அத்தகைய குத்தகை விதியை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தது. ஓரிரு இரவு தங்குபவருக்கு அது தம் வீடாக இருக்க முடியாது என்பதே அதன் அடிப்படை. ஸ்பெயினில் 2025 ஏப்ரலிலிருந்து, புதிதாக ஒரு வீட்டைச் சுற்றுலாத் தங்கலுக்கு மாற்ற விரும்புபவர், அக்கட்டடத்தின் உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் முன் ஒப்புதலைப் பெற வேண்டும்.

உங்கள் சங்கத்தில் இப்போது தடை ஏதும் இல்லை என்றாலும், மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பொதுக்குழுவில் வைத்து, எத்தனை பேர் வரை தங்குவார்கள், இரவு எத்தனை மணிக்குப் பிறகு ஓசை கூடாது, குப்பை எங்கே போக வேண்டும், வண்டி எங்கே நிற்கும், இரவு இரண்டு மணிக்கு ஏதாவது நடந்தால் யாரை அழைப்பது என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். அருகிலேயே இருந்து உடனே வரக்கூடிய ஒருவரின் தொடர்பு எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று பல ஊர்களின் உரிம நிபந்தனையே சொல்கிறது. அண்டைவீட்டார் அந்த எண்ணை அழைத்து, அழைப்பு எடுக்கப்படாமல் போகும் நாளில்தான் புகார் எழுத உட்காருகிறார்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வாழ்வது ஒரு குடியிருப்பின் பாதுகாப்பு. வாரந்தோறும் முகங்கள் மாறும்போது முதியவர்கள் படும் அச்சம் உண்மையானது. அதை மதித்து நடக்கும் உரிமையாளர்களை எங்கள் சங்கம் இதுவரை எதிர்த்ததில்லை.

வங்கிக் கடன் ஒப்பந்தத்தையும் படியுங்கள். சொந்தக் குடியிருப்புக்கென்று பெற்ற கடன் என்றால், வணிகப் பயன்பாட்டுக்கு வங்கியின் ஒப்புதல் தேவைப்படலாம்.

காப்பீடும் அதே போலத்தான். சாதாரண வீட்டுக் காப்பீட்டில், பணம் பெற்றுக்கொண்டு விருந்தினரைத் தங்கவைத்தபோது நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்ற விலக்கு பெரும்பாலும் இருக்கும். நிறுவனத்திடம் மறைத்துவிட்டால் வேறு காரணத்தால் நேர்ந்த சேதத்துக்கும் அவர்கள் மறுக்கக்கூடும். தளங்கள் தரும் இழப்பீட்டுத் திட்டங்கள் பல நிபந்தனைகளுக்கு உட்பட்டவை என்பதால் அவற்றையே முழு நம்பிக்கையாகக் கொள்ளாதீர்கள். மூன்றாம் நபருக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு தனியாக இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் அது இல்லாமல் உரிமமே கிடையாது.

அவசரவழி (மறுமொழி):

பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டடங்களின் தீப் பாதுகாப்பைச் சரிபார்க்கும் பணியில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் குடும்பத்தினர் இருட்டில்கூடச் சுவரைத் தடவி வாசலுக்கு வந்துவிடுவார்கள். விருந்தினருக்கு அந்த வீடு புதியது. எந்தக் கதவு கழிப்பறை, எந்தக் கதவு வெளி வாசல் என்பதே தூக்கக் கலக்கத்தில் குழப்பும். குடியிருப்பு வீட்டைவிடத் தங்கும் விடுதிக்குக் கடுமையான தீ விதிகள் இருப்பதற்கு இதுவே காரணம். உங்கள் வீடும் இனி அந்த வகைக்கு நெருங்கியது.

ஒவ்வொரு படுக்கையறையிலும், அதற்கு வெளியே உள்ள நடையிலும், ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி வையுங்கள். ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்குமாறு ஒன்றோடொன்று இணைந்தவையாக இருப்பது நல்லது. மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். பத்து ஆண்டுகள் ஆனவுடன் கருவியையே மாற்றிவிடுங்கள், ஏனெனில் உள்ளிருக்கும் உணரி மங்கிப்போகும். எரிவாயு, விறகு, கரி என எரிபொருள் ஏதேனும் எரியும் வீடாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் விழிக்காமலேயே போய்விடுகிறார். எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கருவி காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் இருந்தால், அதை வெளியே மாற்றிய பிறகே வீட்டைத் திறந்துவிடுங்கள்.

உள்பக்கத்திலிருந்து சாவி போட்டுத் திறக்க வேண்டிய பூட்டு வெளி வாசலில் இருக்கக் கூடாது. விருந்தினர் சாவியைத் தேடும் நேரத்தில் புகை நிரம்பிவிடும். சன்னல் கம்பிகளும் அப்படியே: படுக்கையறையில் ஒரு சன்னலாவது உள்ளிருந்து திறந்து வெளியேறும் வகையில் அமைந்திருக்க வேண்டும். உங்கள் மாடிக்கு ஒரே படிக்கட்டு என்றால் அதன் அடியில் வண்டியோ அட்டைப் பெட்டிகளோ எரிவாயு உருளையோ வைக்க வேண்டாம். வெளியேறும் வழியைக் காட்டும் எளிய வரைபடத்தையும், வீட்டின் முழு முகவரியையும், அவசர அழைப்பு எண்களையும் கதவின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். தாம் தங்கியிருக்கும் வீட்டின் முகவரியைத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லத் தெரியாமல் விருந்தினர்கள் தடுமாறுவது மிகச் சாதாரணமாக நடப்பது.

பலர் நினைத்தே பார்க்காத ஒன்று தண்ணீர். நாள்கணக்கில் ஆளில்லாத வீட்டின் குழாய்களில் தேங்கும் தண்ணீர் 20 முதல் 45 பாகை செல்சியசு வெப்பநிலையில் இருந்தால் லெஜியோனெல்லா நுண்ணுயிரி பெருகும்; குளியல் தூவியின் நுண்துளிகளை மூச்சில் இழுப்பவருக்கு அது கடுமையான நிமோனியாவைத் தரக்கூடும். வெந்நீர்த் தொட்டியில் தண்ணீரை 60 பாகைக்குக் குறையாமல் வைப்பதும், புதிய விருந்தினர் வருவதற்கு முன் எல்லாக் குழாய்களையும் சில நிமிடங்கள் திறந்துவிடுவதும் எளிய தடுப்பு. மின் இணைப்புகளைத் தகுதி பெற்ற மின் பணியாளரிடம் சோதித்துச் சான்று வாங்கி வையுங்கள். உரிம விண்ணப்பத்தில் அதைக் கேட்பார்கள்.

மாடிவீடு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மாடியின் ஒப்புதல் வரைபடத்தை எடுத்துப் பார்க்கப் போகிறேன். இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. விருந்தினரின் அடையாளச் சான்றுகளை நாங்கள் வாங்கி வைக்க வேண்டுமா? பாதுகாப்புக்காகக் கேமரா பொருத்தலாமா? ஒருவர் ஒரு மாதத்துக்கு மேல் தங்கக் கேட்டால் ஏற்கலாமா?

சாவிக்கொத்து:

அடையாளச் சான்று: பல நாடுகளில் கட்டாயம். குறிப்பாக, வெளிநாட்டவர் தங்கினால் காவல் துறைக்கோ குடிவரவுத் துறைக்கோ குறித்த கெடுவுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பரவலாக உண்டு. ஜப்பானில் விருந்தினர் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனால் சட்டம் கேட்பதற்கு மேல் எதையும் சேகரிக்காதீர்கள். கடவுச்சீட்டின் படத்தை உங்கள் கைப்பேசியின் படத்தொகுப்பிலும் குடும்பக் குழுக்களிலும் விட்டுவைப்பது பிறருடைய தனியுரிமையைப் பாழாக்கும் செயல். பூட்டிய ஓர் இடத்தில் வைத்து, காலக்கெடு முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

கேமரா: வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். ஏர்பிஎன்பி என்ற தங்கல் இணையத் தளம் 2024 ஏப்ரல் இறுதியிலிருந்து உலகெங்கும் வீட்டுக்குள் கேமரா வைப்பதை முற்றிலும் தடை செய்துவிட்டது. பல நாடுகளில் அது குற்றமும்கூட. வெளி வாசலில் ஒன்று வைக்கலாம் என்றாலும், அது எந்த இடத்தைப் படமெடுக்கிறது என்பதை விளம்பரத்திலேயே முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். அடுக்குமாடியில் பொது நடையை நோக்கி வைப்பதென்றால் சங்கத்தின் அனுமதியும் தேவை.

வரியை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தங்கும் இரவுகளுக்கான உள்ளூர் வரி வேறு, உங்கள் வருமானத்துக்கான வரி வேறு. முதலாவதைச் சில ஊர்களில் தளமே பிடித்துச் செலுத்திவிடும், சில ஊர்களில் உங்களுடைய பொறுப்பு. இரண்டாவது எப்போதும் உங்களுடையது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-ஆம் ஆண்டின் வருவாயிலிருந்தே தளங்கள் ஒவ்வொரு வீட்டுக்காரரின் வருவாயையும் வரித்துறைக்குத் தெரிவிக்கின்றன.

நீண்ட தங்கல்: ஏற்பதற்கு முன் மிகவும் யோசியுங்கள். குறிப்பிட்ட நாட்களைக் கடந்துவிட்டால் விருந்தினர் சட்டப்படி வாடகைதாரர் ஆகிவிடும் இடங்கள் உண்டு. கலிபோர்னியாவில் பொதுவாக 30 நாட்களுக்கு மேல் தொடர்ந்து தங்கியவரை நீதிமன்ற நடைமுறை இல்லாமல் வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவதோ மின்சாரத்தை நிறுத்துவதோ உங்கள் மீதே வழக்காகும். எனவே உங்கள் ஊரில் அந்த வரம்பு எத்தனை நாள் என்று கேட்டறிந்து, அதற்குக் குறைவான நாட்களையே தளத்தில் உச்ச வரம்பாக வையுங்கள். அதற்கு மேலும் தங்க விரும்புபவர் நம்பிக்கையானவர் என்றால், அவரோடு முறையான வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். அப்போது அது குறுகிய காலத் தங்கல் அல்ல என்பதால் இரவு வரம்பிலும் கணக்கில் வராது என்ற வசதி சில ஊர்களில் உண்டு.